செண்பகாவின் நாலு பழக்கங்கள்

எங்கள் ஊரில் குழந்தை இறந்துபோனால் அதன் நல்ல பழக்கங்கள் மூன்று மாதம் வீட்டிலேயே இருக்கும். கெட்ட பழக்கங்கள் குழந்தையோடு போய்விடும். நகம் கடிப்பதும் பென்சில் முனையை நாக்கில் தொட்டு எழுதுவதும் எங்கள் மகள் செண்பகாவோடு அன்றைக்கே போய்விட்டன. அவளுக்கு எட்டு வயது. மாசி மாதம் ஆறு நாள் காய்ச்சலில் இறந்தாள்.

நாலு நல்ல பழக்கங்கள் இருந்தன. பல் தேய்ப்பது காலை ஆறரைக்கு எழுந்துவிடும். வாஷ்பேசின் குழாய் திறக்கும், மஞ்சள் பிரஷ் மேலும் கீழுமாக இரண்டு நிமிடம் அசையும், பிறகு வாய் கொப்பளிக்கும் சத்தம். தண்ணீர் குடிப்பது நாள் முழுக்க அங்கேயும் இங்கேயும் அலையும்; வைத்த தம்ளர் காலியாகிக் கிடக்கும். நேரத்துக்குத் தூங்குவது எட்டரைக்கு வந்து பாயின் நடுவில் படுக்கும். அந்த இடம் மட்டும் லேசாகக் குழியும். நானும் என் மனைவி கோமதியும் ஆளுக்கு ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்வோம்.

நாலாவது, கை கழுவுவது. நான் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்க்கிறேன். கை எப்போதும் கருப்பாகவே இருக்கும். செண்பகா இருந்தபோது, கழுவாமல் உட்கார்ந்தால் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். இப்போது பழக்கம் இழுத்தது. நான் எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தால், தட்டு பழைய இடத்தில் இருக்கும். சில நாள் வேண்டுமென்றே கழுவாமல் உட்காருவேன். கோமதிக்கு அது தெரியும்.

வைகாசியில் மூன்று மாதம் முடிந்தது. சுகாதாரப் பிரிவிலிருந்து எஸ்தர் மேடம் நாலு ஈரத்துண்டுகளோடு வந்தார். பழக்கங்களை ஈரத்துண்டில் சுற்றித்தான் எடுத்துப்போவார்கள். காய்ந்தால் விட்டுப்போய்விடும்.

"மூணுதான் இருக்கு. நாலுன்னு எழுதியிருக்கே?" என்றார்.

"கை கழுவுறது காய்ச்சல்லயே விட்டுப்போச்சு மேடம். படுத்த படுக்கையா கெடந்தாள்லா" என்றாள் கோமதி.

அது உள்ளறை பீரோவில், செண்பகாவின் யூனிஃபார்ம்களுக்கு நடுவே இருந்தது. காலையிலேயே நான்தான் பூட்டினேன். எஸ்தர் மேடம் வாஷ்பேசினுக்குப் போய், நுரையோடு இருந்த சோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டில் நாலை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.

"யாருக்குப் போகுது?" என்று கேட்டேன்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். அஞ்சு வயசுப் பொம்பளப்பிள்ள."

மறுநாள் ஆறரைக்கு விழித்துக்கொண்டேன். பிரஷ் காய்ந்து கிடந்தது. ஊற்றி வைத்த தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. படுக்கும்போது கோமதி நடுவில் இடம் விட்டே படுத்தாள், பாய் குழியவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் பீரோ கதவைத் திறந்துவிடுவோம். தட்டு நகரும். நான் எழுவேன். அந்த ஒரு மாதம் நாங்கள் ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பிட்டோம்.

ஆனி மாதம் எஸ்தர் மேடம் மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் துண்டு இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ள பேரு நஸ்ரின். ஒழுங்கா பல்லு தேய்க்குது, தண்ணி குடிக்குது, நேரத்துக்குத் தூங்குது. கை மட்டும் கழுவ மாட்டேங்குது. மூணாவது தடவையா வயித்தால போயி, நேத்து குளுக்கோஸ் ஏத்தியிருக்கு."

"அவங்கம்மா சொல்லிக்குடுக்கலாம்லா" என்றாள் கோமதி.

"சொல்லிக்குடுத்துப் பாத்தாச்சு. ஒட்ட மாட்டேங்குது. ஒரு பிள்ளையோட பழக்கம் மூணு போய் உக்காந்துட்டா, நாலாவதுக்கு இடம் போட்டு வச்சிருக்கும். வேற எதையும் உள்ள விடாது."

மணி ஒன்றாகியிருந்தது. உள்ளறையில் பீரோ தட்டப்படும் சத்தம் கேட்டது. எஸ்தர் மேடம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எட்டு வயசுப் பிள்ளையோடது. அஞ்சு வயசுக் கைக்குப் பெருசா இருக்காதா மேடம்?" என்று கோமதி கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத் தொளதொளன்னு இருக்கும். பிறகு சரியாயிரும்."

"நாங்களே கொண்டு போயிக் குடுக்கோம்."

அன்று கடைசியாக ஒரு தடவை சாப்பிட்டோம். நான் தட்டை இழுக்க விட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். கோமதிதான், "போதும், எந்திரிங்க" என்றாள்.

ஈரத்துண்டில் சுற்றியதும் பழக்கம் ஒரு பூனைக்குட்டியின் கனம் இருந்தது. பஸ்ஸில் கோமதி அதை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் பாட்டிலிலிருந்து துண்டில் தண்ணீர் தெளித்தாள். பாலத்தில் ஏறும்போது எதிர் சீட்டில் ஒருவர் வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். துண்டு துள்ளியது. அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

நஸ்ரினின் அம்மா ரஹ்மத் வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்து எழுந்தாள்.

"வாங்கக்கா. வாங்கண்ணே. மேடம் சொல்லி விட்டாங்க."

ஒரு மாதம் அதை ஒளித்து வைத்திருந்தோம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கோமதி சொன்னாள்: "நாங்கதான் குடுக்காம வச்சிருந்தோம். உம் பிள்ள எங்களாலதான் கெடக்கா."

ரஹ்மத் முந்தானையில் கையைத் துடைத்தாள். "நானா இருந்தா ஒண்ணைக்கூடக் குடுத்திருக்க மாட்டேன்க்கா" என்றாள்.

நஸ்ரின் கட்டிலில் படுத்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கோமதி அவள் கைகளைச் சேர்த்துவைத்து, துண்டைப் பிரித்து மேலே மூடினாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளை இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே குடத்தடிக்குப் போனது. இடது கட்டைவிரலை முதலில் தேய்த்தது. பிறகு விரல் இடுக்கு, பிறகு மணிக்கட்டு. பெரிய கையைக் கழுவுவதுபோல, விரல் நுனிக்கு அப்பாலும் கொஞ்சம் காற்றைத் தேய்த்தது. எல்லாம் முடிந்ததும் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தது.

கோமதி சுவரில் சாய்ந்தாள்.

"மோந்து பாக்குறது நாங்க சொல்லிக்குடுத்தது இல்ல. அது செண்பகா அவளா செஞ்சது" என்றாள்.

ரஹ்மத் தயங்கினாள். "அதையும் எடுத்துக்கிடட்டுமாக்கா? வேண்டாம்னா எப்படியாவது பிரிச்சுத் தந்துருதேன்."

கோமதி அந்தப் பிள்ளையின் விரல்களைத் துடைத்துவிட்டு, "இருக்கட்டும். அது இல்லாம கழுவுனா அவளுக்குக் கழுவுன மாதிரியே இருக்காது" என்றாள்.

ரஹ்மத் எங்களுக்கு ரொட்டியும் தேநீரும் வைத்தாள். பசி இல்லை என்றாலும் உட்கார்ந்தேன். நஸ்ரின் என் எதிரே வந்து உட்கார்ந்து, என் கைகளைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாமா, கை" என்றாள்.

எழுந்துபோனேன். ரஹ்மத் ஊற்றினாள். குடத்தில் பாதி தீரும்வரை கழுவினேன். கருப்பு போன பிறகும் கழுவினேன். அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

திரும்பும்போது துண்டு காய்ந்திருந்தது. கோமதி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் எதிர் சீட்டு காலியாக இருந்தது.

வீட்டு வாசலில் பள்ளிக்கூடத்து ஆயா காத்திருந்தார். பக்கத்தில், செண்பகா வகுப்பிலேயே விட்டுப்போயிருந்த அவள் உயரம் சுவரோடு ஒட்டி நின்றது.

"மூணாங்கிளாஸ்லேயே இவ்வளவு நாளா நின்னுச்சு. நாலாங்கிளாஸ்ல பேரு இல்லேன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். மாசிக்குப் பிறகு அது இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது.

கோமதி கதவைத் திறந்து அதை உள்ளே கூட்டிப்போனாள். நான் கூடத்தில் குறுக்கே தாழக் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்து, தலையில் இடிக்காதபடி ஒரு சாண் மேலே கட்டினேன்.