நாத்தனாரின் திடீர் மரியாதை

எங்கள் தையல் ஆலையில் சங்கம் தொடங்கப் பதினோரு பெண்கள் ரகசியமாகச் சேர்ந்திருந்தோம். மேலாளர் மோப்பம் பிடித்துவிட்டார். யார் யாரென்று தெரிந்தால் பதினோரு பேருக்கும் சீட்டு கிழியும். அதனால் காலர் தைக்கும் அக்கா எங்களுக்குச் சில பழக்கங்களைக் கொண்டுவந்தாள். அனுப்பிய செய்தியை உடனே அழிக்க வேண்டும். போனில் யார் பெயர்ப் பட்டியல் கேட்டாலும், முதலில் அவர்களிடம் ஒரு வீட்டுக் கேள்வி கேட்க வேண்டும். பதில் பிசகினால் போன் வேறு யார் கையிலோ இருக்கிறது.

எனக்குச் சிரிப்பாக வந்தது. பட்டன் தைப்பவள் ஒத்திகைக்காகத் தன் புருஷனிடம் கல்யாண நாளைக் கேட்டாள். மனுஷன் திருதிருவென்று முழித்தார். ஒரு வாரம் அவரை உளவாளி என்றே நடத்தினாள்.

ஒருநாள் மத்தியானம், கீழ்த்தளத்தில் இஸ்திரி போடும் என் நாத்தனாரிடமிருந்து செய்தி வந்தது: "அன்புள்ள அண்ணி, சங்கத்தில் இருப்பவர்கள் பெயர்களை அனுப்புங்கள்."

செய்தியை இரண்டு தடவை படித்தேன். அவள் என்னை "இந்தாங்க" என்பாளே தவிர, அண்ணி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் பழக்கம் பழக்கம்தானே. "என் கல்யாணத்துல நீ என்ன குறை கண்டே?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லை அண்ணி. எல்லாம் மிகச் சிறப்பு."

சாப்பாட்டில் உப்பில்லை, வந்தவர்களை வாவென்று கேட்க நாதியில்லை என்று பன்னிரண்டு வருஷமாக என் உயிரை எடுப்பவள்! கழிப்பறைக்குப் போகிற சாக்கில் மற்றவர்களை எச்சரித்துவிட்டு வந்தேன். அப்புறம் பட்டியலை அனுப்பினேன்: துணி சோப்பு, விளக்குமாறு, பேன் சீப்பு.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். இஸ்திரி மேசைக்கடியில் சங்க நோட்டீஸ் அகப்பட்டுவிட்டதாம். போனைப் பிடுங்கிக்கொண்டு மேலாளர் அறையில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள். வேலை போய்விட்டது.

"உன் அண்ணியும் இதுல இருக்காளான்னு மேலாளர் கேட்டான். ஆமான்னு சொன்னா உன்னை விட்டுடறேன்னான்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்றேன்.

"எதுக்கு? உங்களை வாட்டி வதைக்க நான் ஒருத்தி போதாதா?"

எனக்கு அழுகை பொங்கியது. அவள் அதற்குள், டம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று ஆரம்பித்துவிட்டாள்.