எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்

1

எதிர்ப்பக்கத்தில் இருப்பவரைப் பற்றிப் பேசக் கூடாது. யார்க்‌ஷயர் கடற்கரையின் அந்தக் கிரிக்கெட் மைதானத்தில், கடைசி வரிசையில், மடியில் கைபேசியை மறைத்துக்கொண்டு உட்காருபவர்கள் எவரும் இந்த விதியை எழுதிவைக்கவில்லை. எவரும் மீறியதுமில்லை.

அவர்கள் பந்தயச் சந்தையில் வியாபாரம் செய்பவர்கள். அங்கே பந்தயம் ஏற்கும் கடைக்காரர் கிடையாது. ஓர் அணி வெல்லும் என்று ஒருவர் பணம் வைத்தால், வெல்லாது என்று வைக்க முகம் தெரியாத இன்னொருவர் வேண்டும்; பந்துக்குப் பந்து விலை மாறும். மைதானத்தில் விழும் விக்கெட் வீட்டுத் திரைக்குப் போய்ச்சேரச் சில நொடிகள் ஆகும். கடைசி வரிசையின் பிழைப்பு அந்த நொடிகளில் இருக்கிறது.

கதை அங்கேதான் எனக்குக் கிடைத்தது. எடுத்துரைப்பில் காலம் பற்றிய என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைத் திருத்தப் போயிருந்தேன். முன்னால் இருந்த ஒரு பெண் தந்தையிடம் சொன்ன சில வாக்கியங்கள் காதில் விழுந்தன. அவற்றைக் கடைசியில் தருகிறேன். மற்றவை கற்பனை.

2

"ரோவெனா பல ஆண்டுகளாகக் கைதட்டியதில்லை." (அழகான தொடக்கம், அதனாலேயே நம்பத் தோன்றவில்லை.)

"மழை வரும்போலிருந்த ஒரு…" (இங்கிலாந்தில் எந்தக் கதைக்கும் பொருந்தும். வேண்டாம்.)

ஆகவே உணவு இடைவேளையிலிருந்து தொடங்குகிறேன். கடைசி வரிசையில், காதில் இயர்போனோடு ரோவெனா உட்கார்ந்திருக்கிறாள். அழைத்தவர் அவளுடைய தந்தை நெவில்.

"சாப்டியா கண்ணு?"

"முட்டை சாண்ட்விச். நீங்க?"

"நேத்து அடுப்புல சுட்டு மிஞ்சின கறி பை. சரி, இதைக் கேளு. காலைலயும் அதே கூத்துதான். ஆடுற டீம் ஜெயிக்கும்னு நான் பட்டனை அழுத்துறேன், அடுத்த நொடி பேட்ஸ்மேன் போல்டு. நான் அழுத்துறதுக்காகவே காத்திட்டிருக்கானுங்க போல."

நெவில் உள்ளூர் லீகில் நெடுங்காலமாக வெள்ளைக் கோட்டுடன் நடுவராக நிற்பவர். மகள் செய்வதையே தானும் செய்து பார்க்கலாம் என்று இந்த வசந்தத்தில் சிறு தொகைகளோடு சந்தைக்குள் வந்தார். மகள் எங்கே உட்கார்ந்து செய்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

"நம்ம லீக் செயலாளர்கிட்ட சொல்லிடப்போறேன். இந்தச் சனிக்கிழமையோட வெள்ளைக் கோட்டைக் கழட்டிடறேன்."

"எதுக்குப்பா?"

"திரையில நேரலைன்னு போட்டிருக்கான். அதைப் பாத்துட்டு இருந்தும் எனக்குப் பிந்திப்போகுதே. அப்புறம் எந்த மூஞ்சியோட ஒருத்தனுக்கு எல்பிடபிள்யூ குடுப்பேன்? கண்ணு மந்தமாயிடுச்சு. ஒத்துக்கறேன்."

3

திரையின் மூலையில் எழுதியிருப்பதை ஒரு நடுவர்தான் இவ்வளவு நேர்மையாக நம்ப முடியும். அவர் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது: இவ்வளவு வெகுளி உண்டா? பிறகு, தன் கண்ணைக் குறைசொல்லத் துணிகிறவர் வெகுளி அல்லர் என்று தோன்றியது. அவரை அப்படியே வைத்துக்கொண்டேன்.

முதல் வரைவில், தந்தை வைத்த தொகையை ரோவெனா சந்தையில் அடையாளம் கண்டுகொள்கிறாள். நீக்கிவிட்டேன். சந்தையில் பெயர்கள் இல்லை. அவரிடமிருந்து பணத்தை எடுத்தது அவளாக இருக்கலாம், பக்கத்து இருக்கை டாரனாகவும் இருக்கலாம். தெரியாமலிருப்பதே அவளை அதிகம் உறுத்தியது.

"டாரன், அந்தப் பக்கம் யார் இருப்பாங்கன்னு என்னைக்காவது…"

"ரோ. வேணாம்." டாரன் ஆடுகளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்க யாரும் இல்ல. ஒரு எண்ணு இருக்கு. அதுக்கு ஒரு நாய்க்குட்டி, ரெண்டு பேரப்பிள்ளைன்னு வெச்சுப் பாக்க ஆரம்பிச்சேன்னா, நான் திரும்ப மெத்தை விக்கத்தான் போகணும்."

"நீங்க வித்த மெத்தைல எங்கப்பாவுக்கு முதுகுவலி."

"பாத்தியா, அதுக்குத்தான் சொன்னேன்." பிஸ்கட் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.*

* டாரனைக் கெட்டவனாக்கிய வரைவு ஒன்றும் இருந்தது. பிஸ்கட் வந்ததும் அது நிற்கவில்லை.

4

நானும் கடைசி வரிசையில்தான் இருக்கிறேன். விழப்போகும் விக்கெட் உங்களுக்கு முன்பே எனக்குத் தெரியும்; அந்த இடைவெளியை வைத்துத்தான் உங்கள் எதிர்பார்ப்பின் விலையை ஏற்றி இறக்குகிறேன். எதிர்ப்பக்கத்தில் நீங்கள்.

முடிவு அ: மாலையில் வீட்டுக்குப் போய், தேநீர் ஆறுவதற்குள் அவரிடம் மெதுவாகச் சொல்கிறாள்.

முடிவு ஆ: சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் கோட்டைக் கழற்றுகிறார், அவளும்…

இரண்டிலும் ரோவெனாவின் இருக்கை பத்திரமாக இருக்கிறது. எந்த அணி வென்றாலும் நட்டமில்லாதபடி இரு பக்கமும் சமன்செய்துவிட்டு எழுந்துபோவது அவர்கள் வழக்கம். எழுதுபவருக்கு அது கூடாது என்று நினைக்கிறேன்.

5

தேநீர் இடைவேளைக்குப் பின் நெவில் மறுபடியும் அழைத்தார். "செயலாளருக்குப் போன் போடப்போறேன் கண்ணு. அதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு அழுத்திப் பாக்கறேன். இவன் நின்னு ஆடுவான்னு என் மனசு சொல்லுது."

இரண்டு வரிசை கீழே மைதானக் காவலர் நின்றிருந்தார். ஆட்டத்தை அங்கிருந்து வெளியே சொல்பவர்களை அனுப்பிவிடுவது அவர் வேலை. அனுப்பப்பட்டவர்கள் திரும்ப வர முடியாது.

பந்து உள்ளே திரும்பியது. நடு ஸ்டம்ப் சாய்ந்தது. வரிசை முழுவதும் கட்டைவிரல்கள் அசைந்தன. ரோவெனாவின் விரல் அசையவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

அவள் அப்போது சொன்னதற்கு நெவில் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒருமுறை நீங்கள் எனக்கு முன்னால் இருக்கிறீர்கள்.

"அப்பா, பட்டனைத் தொடாதீங்க," என்றாள் உரக்க. காவலர் திரும்பினார். டாரன் கண்களை மூடிக்கொண்டான். "அவன் அவுட். உங்க திரையில இன்னும் பவுலர் ஓடி வந்துட்டிருப்பான், பாருங்க. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. படம்தான் லேட்டு. எதிர்ப்பக்கத்துல உக்காந்திருக்கிறது நான்."