ஆஸியாவுக்கு ஒரு மையித்து

என் தங்கை ஆஸியா பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற மறு மாதமே, இந்த வருடத்துக்குள் தான் பழகப்போகும் வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். குரோஷே பின்னுவது, பாண் சுடுவது, மெழுகுவர்த்தி ஊற்றுவது, சைக்கிள் ஓடுவது என்று போனது அது. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தே பழகிய கை. கொடுக்க ஆளில்லாமல் போனதும் தனக்கே கொடுத்துக்கொண்டாள்.

செய்து கிழித்ததைக் கேளுங்கள். குரோஷேயில் ஒரு தொப்பி பின்னினாள். வீட்டில் எந்தத் தலைக்கும் சேராமல் அது இப்போது தேத்தண்ணிக் கேத்தலுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அவள் சுட்ட பாணைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கு, கடித்துப் பார்த்துவிட்டு எங்கள் கூரையிலேயே வைத்துவிட்டுப் போனது. மெழுகுவர்த்தியில் கறுவா வாசம் வரும் என்றாள். வந்தது கருகிய வாசம்தான். சைக்கிளில் ஏறியவள் பக்கத்து வீட்டுப் புஷ்பவதியின் மிளகுக் கொடிக்குள் போய் இறங்கினாள். எதையும் ஒரு தடவைக்கு மேல் தொடமாட்டாள். தொட்டதும் சிவப்புப் பேனையால் தாளில் ஒரு சரிக் குறி.

"பழகிட்டியா?" என்று கேட்டால், "அடிப்படை தெரிஞ்சா போதும் ராத்தா" என்பாள்.

அதே தாளில் 'மையித்துக் குளிப்பாட்டல்' என்று, இறந்தவர்களைக் குளிப்பாட்டுவதையும் எழுதியிருந்ததைக் கண்ட அன்றைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு கண்டி ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊருக்குப் பித்தப்பைக் கல் என்று சொல்லிவைத்தோம். உண்மை வீட்டோடு நின்றது. எங்கள் பக்கத்தில் மௌத்தாகும் பெண்களைக் குளிப்பாட்டுகிறவள் பரீதா. குளிப்பாட்டும்போது கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது மார்க்கம். பரீதாவின் வாய்க்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. யாருடைய வயிற்றில் தையல், யாருடைய முடியில் சாயம், யாருக்குப் பொய்ப்பல் எல்லாம் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே கடைத்தெருவுக்கு வந்துவிடும். நான் போனால் என் நெஞ்சும் அப்படித்தான் ஊர் சுற்றும். வேறு யாராவது இந்த வேலையைப் பழகிக்கொண்டால்தான் தப்பலாம். அந்த வேறு யாராவது, பாண் சுட்ட ஆஸியாவா என்று நினைக்கத் தலை சுற்றியது. ஆனாலும் வகுப்புக்கு அவளோடு போனேன்.

பள்ளிவாசல் மண்டபத்தில் பெண்களுக்கென்று வைத்த வகுப்பு. கலேவெலயிலிருந்து ஸஹ்னா என்று மார்க்கம் படித்த ஒரு இளம் ஆலிமா வந்திருந்தாள். ஓரமாகப் பரீதாவும் நின்றாள். எப்படிக் கழுவுவது, எங்கே கர்ப்பூரம் வைப்பது, பெண்ணுக்கு எத்தனை துணி என்றெல்லாம் அழகாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "யாராச்சும் ஒருத்தர் மையித்தா வந்து படுங்க. உடுப்போடதான்" என்றாள். எல்லோரும் குனிந்து தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள்.

"எங்கட ராத்தா படுப்பாங்க" என்றாள் ஆஸியா.

"ஏன், நீ படேன்."

"நான் பழக வந்தவ. ஒங்களுக்கு இங்க வேற என்ன வேல ஈக்கி?"

போய் மேசையில் நீட்டிப் படுத்தேன். முதல் காரியமாக, தலைக்குப் போட வேண்டிய துணியைக் கொண்டுவந்து என் காலில் சுற்றினாள்.

"தல இந்தப் பக்கம்" என்றேன்.

"மையித்து பேசாது ராத்தா."

"தலயும் காலும் வித்தியாசம் தெரியாதவ குளிப்பாட்டினா மையித்தும் பேசும்."

பெண்கள் சிரித்தார்கள். ஆலிமா ஷோலால் வாயைப் பொத்திக்கொண்டாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பரீதா மட்டும் சிரிக்காமல் கிட்ட வந்தாள்.

"டீச்சர், இது கரும்பலகை இல்ல. தள்ளுங்க, நான் காட்டுறேன். இந்த நெஞ்சுக்கட்டுலதான் ஈக்கி கைவேல. நல்லா அமத்திப் புடிச்சிக் கட்டோணும்."

துணியை எடுத்து உதறிக்கொண்டு என் நெஞ்சுக்கு மேல் குனிந்தாள். சட்டை இருந்தால் என்ன, அத்தனை உடம்பைத் தொட்ட கை அது, வைத்தவுடனே தெரிந்துவிடும். எழுந்து ஓடினால் ஏன் என்று கேட்பாள், அதற்கும் அவளே பதில் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்வாள். கண்ணைத் திறந்து ஆஸியாவைப் பார்த்தேன்.

ஆஸியா துணியின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க பரீதா. இது என்ட மையித்து."

"ஒங்கட மையித்தா?"

"நான்தானே வீட்டுல இருந்து கூட்டிட்டு வந்தேன். ஒங்களுக்கு ஓணும்ண்டா ஒங்கட மாமியாரக் கூட்டிட்டு வாங்க."

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பரீதாவின் மாமியாரின் வாய் அப்படிப்பட்டது. "பழக வந்தவங்களே செய்யட்டும்" என்று ஆலிமாவும் சொன்னதால் பரீதா துணியை விட்டாள்.

ஆஸியா மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, வெறுமையான பக்கத்தைத் தன் கையால் மறைத்துக்கொண்டு கட்டினாள். முதல் கட்டு வழுகி வயிற்றுக்கு வந்தது. அடுத்த கட்டில் எனக்கு மூச்சு முட்டியது. பிறகு கட்டியதும் கோணல்.

"கபுருக்குப் போற வழியிலேயே அவுந்துரும்" என்றாள் பரீதா. அவள் சொன்னதிலேயே உண்மையான பேச்சு அதுதான், நான் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸியா நேரே ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சிவப்புப் பேனையைத் திறந்தாள். பறித்துக்கொண்டேன்.

"சரி போடாத."

"ஏன்? கட்டினேன்தானே."

"நீ கட்டின கட்டுக்கு உசிரோட ஈக்கிறவளே மௌத்தாப் போயிருப்பா."

"அடிப்படை தெரிஞ்சா..."

"ஒன்ட அடிப்படையக் கட்டிக்கிட்டு நான் கபுருக்குப் போறதா? அண்டைக்கி ஒனக்கு ஏலாதுண்டு கண்டா ஒடனே பரீதாவத்தான் கூப்புடுவாங்க. அவ கையில என்னய விடப்போறியா?"

ஆஸியா ஃப்ரிட்ஜை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப என்ன செய்ற?" என்றாள்.

அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டேன். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினேன்.

"நெசமா அந்த நேரம் வந்து நீ இதப் பாத்துட்டு அழுதுக்கிட்டு நிண்டா எல்லாம் போச்சி. அழுறதுண்டா இப்பவே அழுதுடு."

அவள் அழவில்லை. வினாத்தாள் திருத்துகிறவள் மாதிரிக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். விரிப்பின் ஓரத்தைக் கிழித்து என் நெஞ்சில் வைத்து அளந்தாள்.

"இந்தப் பக்கம் புடிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. அதுதான் வழுகுது" என்றாள். "உள்ளுக்குப் பஞ்சி வெச்சிக் கட்டோணும். துணியையும் கொஞ்சம் அகலமா வெட்டோணும்."

அந்தத் தாளை ஒட்டிய நாளிலிருந்து அவள் வாயில் வந்த முதல் உருப்படியான பேச்சு.

"இத வகுப்புலயே கண்டுபுடிக்கத் தெரியல்லயா, டீச்சருக்கு?"

"வகுப்புல சட்ட போட்டு ஈந்தீங்கதானே. பேசாம படுங்க ராத்தா."

படுத்தேன்.