ஏழு பாட்டன் பேர்

கதவைத் திறந்த புருலாய் திகைத்து நின்றாள். மேசைமேல் விருந்தாளிக்கு மட்டும் விரிக்கும் பூத்துணி. அதன்மேல் ரொட்டி, வெண்ணெய், ஆப்ரிகாட் ஜாம். ஒன்பது வயது மகள் ஐபெரி தேநீர்க் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி வரா?"

"பெரியப்பா வராரும்மா. விளையாட்டுல கறுப்புக் குதிரை வச்சிருப்பாரே, அவர்தான்."

 அந்தக் குதிரைப் பந்தய விளையாட்டைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்த அன்றே புருலாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: அதில் பேச வருபவர்களிடம் பேர் சொல்லாதே, பள்ளிக்கூடம் சொல்லாதே, படம் அனுப்பாதே.

"உன் பேரச் சொன்னியா?"

"எனக்கென்ன அறிவில்லையா? சொல்லவே இல்ல. 'நீயெல்லாம் ஒரு கிர்கிஸ் புள்ளையா? ஏழு பாட்டன் பேரு தெரியுமா உனக்கு?'ன்னு கேலி பண்ணாரும்மா. சும்மா விடுவேனா? ஊரோட சேத்து மூச்சு விடாம ஒப்பிச்சேன். அவருக்கும் நமக்கும் அஞ்சாவது பாட்டன் ஒண்ணுதானாம்! அப்ப அவரு அந்நியர் இல்லையே?"

 கிர்கிஸ் பிள்ளை தெரிந்திருக்க வேண்டிய அந்த ஏழு தலைமுறைப் பேர்களை ஒவ்வொரு வாய் உணவோடும் ஊட்டியவள் புருலாய்தான். விருந்தாளிகள் முன் சொல்லவைத்து, மிட்டாய் கொடுத்துப் பூரித்தவளும் அவள்தான். அத்தனையையும் மறைக்கச் சொன்னவளுக்கு இது மட்டும் உறைக்கவில்லையே, பாழாய்ப்போன பெருமை! முதல் இரண்டு பேரை, அப்பன் பேரையும் தாத்தன் பேரையும், சொன்னால் போதும், அத்பாஷி மாதிரிச் சின்ன ஊரில் எந்தக் கடைக்காரனும் கையோடு கூட்டிவந்து இந்த வாசலில் விட்டுவிடுவான்.

"அப்பா ஊர்ல இல்லன்னு தெரியுமா அவனுக்கு?"

"மாஸ்கோவுல வேலைன்னு சொன்னேன். நீ இருட்டினப்புறம்தான் வருவேன்னும் சொன்னேன். சொந்தக்காரர்தானேம்மா?"

தையற்கூடத்தில் கரண்ட் போனதால்தான் இன்று சீக்கிரம் வந்திருந்தாள். போகாமல் இருந்திருந்தால்?  ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே நாய் குரைத்தது.

"வீட்ல யாரு? சொந்தக்காரன்தான் வந்திருக்கேன்," என்றது ஓர் ஆண் குரல், சாவகாசமாக. பிறகு பேர்களைச் சொல்லத் தொடங்கியது. மிர்லான். தொக்தோசுன். அசனாலி.

ஐபெரி முகம் மலர்ந்து வாயைத் திறந்தாள். புருலாய் அந்த வாயைப் பொத்தி, அவளை இழுத்து அணைத்தபடி, மறு கையால் போலீசுக்கு எண்ணை அழுத்தினாள்.  வெளியே ஏழு பேர்களும் முடிந்தன, ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஐபெரி, கதவத் திறம்மா."

தான் சொல்லவே சொல்லாத பேரைக் கேட்டதும் மகளின் உடம்பு அவள் கைக்குள் சில்லிட்டது.