குரியாத் ரோட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

ஓமான் நாட்டு ரூவியில் மணிமாறனும் பானுமதியும் இரண்டு வாரமாக ஒரே விஷயத்துக்குத்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் மகள் தாரிணியைக் கூட்டிக்கொண்டு மலை, கடற்கரை என்று சுற்ற ஒரு வண்டி வேண்டும். எந்த வண்டி என்பதில்தான் சண்டை. அவனுக்குப் பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி மேல் கண். அவளுக்கு மாடி வீட்டு ஜெய்னுலாப்தீன் பாய் விற்கப்போகும் வெள்ளைச் சின்னக் கார் போதும். அவளும் ஓட்டலாம், கடைத்தெருச் சந்தில்கூட நிறுத்தலாம்.

பாய் வேலையை முடித்துக்கொண்டு கீழக்கரைக்கே திரும்புகிறார். "எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க தங்கச்சி. புடிச்சாச் சொல்லுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை குரியாத் ரோட்டு மலை ஏற்றத்தில் வண்டி ஏ.சி.யோடு திணறாமல் ஏறியது. பின்சீட்டை மடக்கி வைத்த பாதியில் கூடாரம், விரிப்பு, ஐஸ்பெட்டி எல்லாம் அடங்கிவிட்டன. பானுமதி ஓரக்கண்ணால், ஓட்டிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். வண்டி நன்றாக ஓட ஓட அவன் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

தார் ரோடு முடிந்த இடத்தில் வாதி கிடந்தது. மழை பெய்தால் மட்டும் ஓடுகிற காட்டாறு. மற்ற நாளில் வெறும் கூழாங்கல் படுகை. கரையில் ஓர் ஓமானிக் குடும்பம் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது.

"இங்கேயே நிறுத்துங்க. நடந்து போகலாம்."

"இதுல இறங்காத வண்டி எதுக்கு? டிரிப்புக்குத்தானே வாங்குறோம்?"

"மலைப்பக்கம் கறுத்திருக்கு, பாருங்க. போன வருஷம் கோனு புயல்ல என்ன ஆச்சுன்னு தெரியாதா?"

அவன் காதில் வாங்கவே இல்லை. வண்டி குலுங்கிக்கொண்டு இறங்கியது. படுகையின் நடுவில் முன்சக்கரங்கள் கல்லுக்குள் புதைந்து, சுற்றிச் சுற்றி இன்னும் ஆழமாகப் போயின.

"பாத்தியா? இதைத்தான் சொன்னேன்" என்றான் மணிமாறன். குரலில் ஒரு திருப்தி இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

அதற்குள் கரையிலிருந்து கூச்சல். "வாதி! வாதி!" அந்தக் குடும்பத்து வாலிபர்கள் மூவர் நீள அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவன் மலையைக் காட்டி, வெள்ளம் வருகிறது, குழந்தையை முதலில் எடு என்று இந்தியில் கத்தினான். மேலே எங்கோ கற்கள் உருளும் சத்தம். வெயில் சுள்ளென்று அடித்தது, ஆனால் காற்றில் ஈரமண் வாசனை வந்தது.

பானுமதி தாரிணியை வாரியெடுத்துக்கொண்டு ஓடினாள். கரையில் நின்ற அம்மாள் ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், மணிமாறன் இன்னும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"விட்டுட்டு வாங்க!"

"பாயோட வண்டி பானு!" அவன் குரல் உடைந்திருந்தது.

சின்ன வண்டிதான், தூக்கிவிடலாம், யாராவது ஸ்டியரிங்கில் உட்காருங்கள் என்றான் இந்தி பேசிய வாலிபன். பானுமதி தாரிணியை ஒருமுறை பார்த்தாள். பிறகு கீழே ஓடினாள்.

"யல்லா!" நான்கு ஆண்களும் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். பம்பர் படீரென்று பிளந்தது. வண்டியின் மூக்கு எழும்பி, பக்கத்தில் கெட்டியான தரையில் விழுந்தது. அவள் ரிவர்ஸ் போட்டுக் கழுத்தைப் பின்னால் திருப்பியபடியே அழுத்தினாள். சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. தாரிணி "அம்மா! அம்மா!" என்று கத்துவது மட்டும் தனியாகக் கேட்டது. கரை ஏறி நின்ற பிறகுதான் முன்னால் பார்த்தாள்.

படுகை முழுக்கச் செந்தண்ணீர். இரண்டு வாலிபர்கள் கரை ஏறிவிட்டார்கள். மணிமாறனைக் காணோம்.

அவள் கதவைத் திறந்து விழுந்தடித்து ஓடினாள். கரையோரப் பாறையடியில் மூன்றாமவன் ஒரு கையால் கிளையையும் மறு கையால் மணிமாறனின் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் இடுப்பில் இழுத்தது. மற்ற வாலிபர்களும் பானுமதியும் சேர்ந்து இருவரையும் மேலே இழுத்துப் போட்டார்கள். மணிமாறனின் செருப்பு போயிருந்தது, முழங்கால் கிழிந்திருந்தது. உயிர் இருந்தது.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். தாரிணி அழுது தூங்கிப்போனாள்.

"வேணும்னுதானே இறக்கினீங்க?"

மணிமாறன் சொன்னான்: "மாட்டிக்கும்னு தெரியும். தண்ணி வரும்னு தெரியாது."

அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். அவன் தொட வந்தான். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பாயிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். அவர் பம்பரைப் பார்க்கவில்லை. "புள்ள நல்லாருக்காளா?" என்றுதான் கேட்டார்.

"வண்டிய நாங்களே எடுத்துக்கிறோம் பாய்" என்றான் மணிமாறன்.

"ஒடச்சதுக்காக வாங்க வேணாம் தம்பி."

"ஒடச்சதுக்காக இல்ல பாய்," என்றாள் பானுமதி. "எனக்கு இதுதான் வேணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அவள் ஓட்டினாள். மணிமாறன் வழியெல்லாம் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். துளி மேகம் தெரிந்தாலும் "திரும்பிடலாமா பானு?" என்றான். வேண்டாம் என்று அவள் சொன்னால், சரி என்றான்.