சகலை கேட்ட பேஸ்

மனை வியாபாரி அப்பாத்துரையின் மானம் இப்போது அவருடைய கார் டிக்கியில் இருந்தது. போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த சகலை செல்வமணி, வண்டியில் பாட்டைக் கேட்டுவிட்டு, "என்ன அண்ணாச்சி, பாடுதவனுக்குத் தொண்ட கட்டிட்டா?" என்று கேட்டிருந்தான். மாமனார் வேறு சிரித்துவிட்டார்.

தசராவுக்குச் செல்வமணி குடும்பத்தோடு வருகிறான் என்று தெரிந்ததும் அப்பாத்துரை பேட்டைக்கு விரைந்தார். அங்கே கார் ஸ்பீக்கர் கடை வைத்திருந்த ஷேக் மைதீன், பாட்டின் பேஸை அதிரவைக்கும் ஒரு சப்வூஃபர் பெட்டியை டிக்கி நிறைய ஏற்றினார்.

"இனி பாட்டு காதுல கேக்காது அண்ணாச்சி, ஈரக்கொலைல கேக்கும்."

கேட்டது, தெருவில் நின்றவர்களுக்கு. உள்ளே உட்கார்ந்த அப்பாத்துரைக்கு அடுத்த வீட்டில் யாரோ மாவு இடிப்பது போலிருந்தது. சத்தம் கூட்டும் குமிழை முழுக்கத் திருகினார். மாவு கோபமாக இடிபட்டது. பேஸை உள்ளே வரவழைப்பது எப்படி என்று இரவு பகலாக வீடியோ பார்த்தார். மனை பார்க்க வந்தவர்களிடம் எத்தனை அடியில் தண்ணீர் என்பதை விட்டுவிட்டு, எத்தனை ஹெர்ட்ஸில் அதிர்வு என்று விளக்கினார்.

விடையைக் கொண்டுவந்தது ஒரு வாழைத்தார். டிக்கியில் இடமில்லாததால் மனைவி வடிவு பின் சீட்டை மடக்கி அதைக் கிடத்தினாள். மறைத்திருந்த சீட் விலகியதும் பேஸ் நேரே முன்னால் பாய்ந்தது. அப்பாத்துரையின் சட்டைப் பொத்தான்கள் நடுங்கின.

"ஏ வடிவு, வந்துட்டு! வந்துட்டு!"

"என்ன வந்துட்டு? காய் நசுங்குது, பைய போங்க."

அதன் பிறகு பின் சீட் நிமிரவே இல்லை.

தசராவுக்கு ரயில் ஜங்ஷனில் செல்வமணி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், பெட்டிகள் எல்லாம் இறங்கின. காருக்குள் எட்டிப் பார்த்த செல்வமணி, "நாங்க எங்கன உக்காருதது அண்ணாச்சி?" என்றான்.

அப்பாத்துரை யோசிக்காத ஒரே விஷயம் அது.

"சீட்ட நிமித்துங்க அத்தான்" என்றாள் கொழுந்தியாள்.

"நிமித்துனா பேஸ் போயிரும்மா! செல்வமணி, நீரு மட்டும் முன்னால ஏறும்வே."

"இவள ஆட்டோல விட்டுட்டு நான் கார்ல வரவா? பொறவு எனக்குச் சோறு கிடைக்காது. பெட்டி உங்ககூட வரட்டும்."

அப்பாத்துரை சத்தத்தை உச்சத்தில் வைத்து ஓட்டினார். அப்படியொரு பேஸை அவரே கேட்டதில்லை. பெட்டிகள் கேட்டன, ஒன்றின் ஜிப் மெல்லத் திறந்துகொண்டது. பின்னாலேயே வந்த ஆட்டோவில் சகலை கழுத்தை நீட்டிக் கவனிப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. அப்பாத்துரை இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். செல்வமணி இறங்கி நேராகக் காரின் பின்பக்கம் போய், குனிந்து, நம்பர் பிளேட்டை அமுக்கிப் பார்த்தான்.

"வழி நெடுக இது டடடடன்னு அடிச்சுக்கிட்டே வந்துது அண்ணாச்சி. வேற ஒண்ணுமே கேக்கல. ஒரு ஸ்குரு போட்டுருங்க."

மாமனார் இந்த முறையும் சிரித்துவிட்டார். அப்பாத்துரை திருப்புளியைத் தேடி உள்ளே போனார்.