செண்பகத்துக்குக் கூட்டுப்பட்டா

மொக்கின் காம்பில் என் கட்டைவிரல் நகம் பதிந்துவிட்டது, இன்னும் ஒரு நெல்லளவு அழுத்தினால் போதும், ஏணியின் உச்சிப் படியில் நிற்கிறேன், கீழே கிணறும் துவைக்கிற கல்லும் தீப்பெட்டியும் தீக்குச்சியுமாகத் தெரிகின்றன, பொய்தான், தரையிலிருந்து பத்தடி இருந்தால் அதிகம், ஆனால் அறுபத்து நான்கு வயதில் பத்தடி என்பது பத்தடி இல்லை, முப்பத்தாறு வருடம் ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து நிலம் அளந்த சர்வேயர் சொல்கிறேன், நம்பலாம், கிழக்கு வெளுக்கிறது, வீட்டுக்குள் கோலம்மை இன்னும் எழுந்திருக்கவில்லை, என் மனைவி எழுந்து வாசல் தெளிப்பதற்குள் இந்தச் செண்பகத்தில் ஒரு மொக்குகூட இருக்கக் கூடாது, இருந்தால் விரியும், விரிந்தால் நான் செத்துப்போவேன்.

இந்தப் பயம் என் சொந்தப் பயம் அல்ல, மதிலுக்கு மேலாகப் பக்கத்து வீட்டுத் தாணு எறிந்த பயம், ஓய்வு பெற்ற மறுவாரம் வடசேரி நர்சரியில் ஒட்டுச்செடி வாங்கிவந்து, இரண்டடிக் குழியில் சாணமும் மணலும் போட்டு, என் கையால் நான் நட்டுக்கொண்டிருந்தேன், அப்போது மதிலின் மேல் தேங்காய் வைத்ததுபோல் அவன் தலை முளைத்தது, ஓய் சர்வேயரே, செண்பகமா நடுகீரு, ஆமா வே, கண்ணு தெரியலையா, கண்ணு தெரியுது, உம்ம ஆயுசுதான் தெரியல, நீரே எதுக்கு நடுகீரு, கூலிக்கு ஒருத்தன வச்சிருக்கலாம்லா, செண்பகத்துல மொதப் பூ விரியும்போ நட்டவன் இருக்கமாட்டான், எங்க பெரியப்பா நட்டாரு, பூத்த அன்னைக்கே போய்ச் சேர்ந்தாரு, அந்தப் பூவ அவருக்க நெஞ்சுலதான் வச்சோம். பெரியப்பாவுக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது என்பதை அவன் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, போவும் வே, உம்ம பெரியப்பாவும் நீரும் என்று சிரித்தேன், சிரித்தபோதே அடிவயிற்றில் ஒரு பல்லி ஓடியது, அது இன்றுவரை வெளியே வரவில்லை.

செடியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம்தான், கோலம்மை இருக்கிறாளே, கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே மரம் அது, மாற்றலுக்கு மாற்றல் பதினோரு வாடகை வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் போய் இறங்கியதும் சாமானை இறக்குவதற்கு முன்னால் பின்பக்கம் போய்ப் பார்ப்பாள், இங்க ஒரு செண்பகம் வச்சா நல்லா நிக்கும் பாத்துக்கிடுங்கோ என்பாள், நான் சொல்வேன், அடுத்தவன் பூமியில மரம் நட்டா நாளைக்கு அது வழக்கு, எத்தனை வழக்கு நான் பார்த்தவன், வரப்பில் நிற்கிற புளிக்கு இரண்டு அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொண்டு நிற்பார்கள், சங்கிலியை இழுப்பதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, இத நட்டது யாரு, அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்தது, இப்போது அந்தக் கேள்வி என்னிடமே வந்து நிற்கிறது, நட்டது யாரு, நான்தான் ஐயா, நான்தான்.

நட்ட நாலாம் நாள் மகள் வீட்டுக்கு மதுரைக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினேன், வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் செடியை அளந்தேன், நோட்டில் எழுதியிருந்ததைவிட மூன்று அங்குலம் குறைவு, என்னைக் காணாத ஏக்கத்தில் மெலிந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன், கோலம்மை உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள். அதன் பிறகு அது வளர்ந்தது பாருங்கள், சாயங்காலம் பக்கத்தில் நின்றால் மடமடவென்று எலும்பு நீளுகிற சத்தம் கேட்கும், பங்குனி வெயில் அதற்குப் பழையது, ஐப்பசி மழை அதற்குக் கஞ்சி, ஒரு காற்று வந்து தாணுவின் மாட்டுக்கொட்டகைக் கூரையைத் தூக்கி ஆரல்வாய்மொழியில் போட்டது, சரி, அடுத்த தெருவில் போட்டது, செண்பகம் ஒரு இலைகூட உதிர்க்கவில்லை, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் கணக்கு ஓடியது, இத்தனை ஆயுசு இதற்கு எங்கிருந்து வருகிறது, யாருடையதிலிருந்து கழிகிறது. கண்ணை மூடினால் அது வேரைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும், என் பழைய சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்திருக்கும், மறுமுனை என் கால் பெருவிரலில், படுத்திருக்கிற என்னைத் தலையிலிருந்து கால்வரை அளக்கும், ஐந்தடி ஏழங்குலம் என்று யாரோ எழுதிக்கொள்வார்கள், அந்தக் கையெழுத்து என்னுடையதாகவே இருக்கும், விழித்துக்கொண்டால் முகமெல்லாம் வியர்வை, பக்கத்தில் கோலம்மை குறட்டை விடுகிறாள், விழித்துக்கொண்டேனா என்பதும் சந்தேகம்தான்.

மூன்றாம் வருடம் மொக்கு விட்டது, விரல் நுனியளவு, பச்சை உறை மூடியது, அன்று கிள்ள ஆரம்பித்தேன், தினம் விடியும்போது ஏணி, நகம், வேட்டி மடியில் மொக்குகள், கிணற்றுக்குப் பின்னால் குழி, இதுவரை நாற்பதாயிரம் கிள்ளியிருப்பேன், நானூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொக்கெல்லாம் எங்க போகுது என்று அவள் கேட்டாள், புழு என்றேன், புழு மருந்து அடித்தாள், கிளி என்றேன், பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள், வௌவால் என்றேன், மலையிலிருந்து இறங்கிவந்த ஒற்றைக் குரங்கு என்றேன், அதன் முகம் தாணுவைப்போலவே இருந்தது என்றுகூடச் சொன்னேன், அவள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியம் பார்த்தாள், மீன் கழுவின தண்ணீர் ஊற்றினாள், சாம்பல் போட்டாள், கடைசியில் மரத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, சவமே, ஒரு பூ, ஒரே ஒரு பூ குடுத்தா உனக்க மானம் போயிருமா என்று கேட்டாள், நான் சன்னலுக்குள் நின்று பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டேன், பயம் வெட்கத்தைவிடப் பெரியது, அதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அப்படியாக இன்று, இந்த ஏணி, இந்தக் காம்பு, இந்த நகம், இறங்குங்கோ என்று கீழேயிருந்து ஒரு குரல், வாளியோடு கோலம்மை நிற்கிறாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, ஏணி ஆடியது, நான் ஆடியதால் ஏணி ஆடியது, அப்பம் அந்தக் கொரங்கு நீங்கதானா என்றாள். இறங்கி, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன், தாணுவை, பெரியப்பாவை, சங்கிலியை, அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, முந்தானையால் கையைத் துடைத்தபடி சொன்னாள், நீங்க இத நடல. நடலையா. நீங்க நட்டது பத்து நாள்ல பட்டுப்போச்சு, நீங்க மதுரையில இருந்தியோ, வேலையெல்லாம் விட்டுட்டு வந்து கையால செஞ்ச மொதக் காரியம், வந்து பாத்தா வாடிப்போவேளேன்னு நர்சரிக்குப் போயி வேற கன்னு வாங்கியாந்து அதே குழியில வச்சேன், நான்தான் வச்சேன், மூணு அங்குலம் கொறஞ்சுதுன்னு அளந்தேளே, அப்பம்கூடவா தெரியல, நீங்கள்லாம் என்ன சர்வேயரு.

என் நெஞ்சுக்குள்ளிருந்து அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே வந்தது, ஒரே ஒரு மூச்சு, அதை நான் அடக்குவதற்குள் அவள் காதில் அது விழுந்துவிட்டது, அவள் என்னைப் பார்த்தாள், முப்பத்தெட்டு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை, கோபமில்லை, அளந்தாள், அப்போதுதான் அந்தப் பல்லி அடிவயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறியது, அப்படியென்றால் போகப்போவது, கோலம்மை, உனக்கு, தாணு சொன்னது உனக்குத் தெரியுமா, தெரியும், அவனுக்க பொண்டாட்டி அன்னைக்கே சொல்லிட்டா, தெரிஞ்சுமா நட்ட, எனக்குப் பூ வேணும், இத்தன வீடு ஏறி எறங்கியாச்சு, பூத்தா பூக்கட்டும், இந்த ஒண்ணுலயாவது கை வைக்காதியோ. வாளியை எடுத்துக்கொண்டு வாசல் தெளிக்கப் போய்விட்டாள், தண்ணீர் விழுகிற சத்தம் வழக்கம்போல்தான் இருந்தது.

என் சாவுக்குப் பயந்தது ஒரு பயமா, அது சினிமா பார்ப்பதுபோல் இருந்திருக்கிறது, இப்போது வந்தது வேறு, கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை, சூரியன் நேர் உச்சியில் நிற்கும்போது மண்வெட்டியை எடுத்தேன், மரத்தைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு வட்டமாகத் தோண்டினேன், எடுத்த மண்ணை என் கையாலேயே வேரைச் சுற்றி மறுபடியும் போட்டு மிதித்தேன், பன்னிரண்டு வாளி இறைத்து ஊற்றினேன், இது கூடுதல் இல்லை, பன்னிரண்டுதான், மதிலில் தலை முளைத்தது, என்ன வே, மரத்துக்குக் குளிப்பாட்டா, வாய மூடும், நட்டதுல நானும் சேர்த்தி, இன்னையிலேருந்து இது கூட்டுப்பட்டா என்றேன், தாணு வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, திறந்தபடியே கீழே இறங்கிவிட்டான். சமையற்கட்டு வாசலில் கோலம்மை நின்றிருந்தாள், பங்குக்கு வாறேளோ என்றாள், பாதி பாதி, எழுதிவச்சாச்சு என்றேன், உங்களுக்கு எல்லாத்துலயும் பங்கு வேணும் என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே திரும்பிக்கொண்டாள்.

மூன்று விடியல் போயிற்று, நாலாவது விடியலில் ஏணியின் உச்சிப் படியில் நிற்கிறேன், மொக்கு என் உள்ளங்கையில் இருக்கிறது, நகத்தை மடக்கிக்கொண்டேன், பச்சை உறை ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே நெருப்பு நிறத்தில் ஒரு கோடு, விரியாதே என்கிறேன், விரி என்கிறேன், கோடு அகலமாகிறது, இதழ் ஒன்று என் விரலைத் தள்ளுகிறது, தள்ளுகிற பலம் ஒரு கன்றுக்குட்டி முட்டுவதுபோல், கண்ணை மூடிக்கொள்கிறேன், கீழே அவள் ஏணியைப் பிடித்திருக்கிறாள், விரிஞ்சாச்சா என்கிறாள், இன்னும் இல்ல என்கிறேன், மணம் வந்தாச்சே, பொய்யி சொல்லுகேளா, அது தாணு வீட்டு ஊதுவத்தி, ஊதுவத்தியா, எனக்கு மூக்கு இல்லையா, எறங்குங்கோ, கொண்டாங்கோ, என்ன அங்கன ஒட்டிக்கிட்டு நிக்கேளு, மூணு வருசம் முழுப்பொய்யி, இப்பமும் பொய்யி, கொரங்கே, கேட்டேளா கொரங்கே, அவள் குரல் படிப்படியாக ஏறி என்னிடம் வருகிறது, அதில் மூச்சு இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொள்கிறேன், பூ முழுதாக விரிந்து என் கையில் நிற்கிறது, குனியாமல், கண்ணைத் திறக்காமல், இன்னும் கொஞ்சம் ஏசு கோலம்மை என்கிறேன், நிறுத்தாமல் ஏசு.